ஸ்ரீஸ்கந்தராசாவின் முதலெழுத்து

சொறி என்று மட்டும் தொடங்கிவிடக் கூடாது, போன கூட்டத்திலும் அப்படித்தான் தொடங்கினாள், மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்கிறவளின் பேச்சை யார் காது கொடுத்துக் கேட்பார்கள்... வணக்கம் சொல்லி நேரே விஷயத்துக்கு வந்துவிட வேண்டும், நாலைந்து வசனம் போதும், அதற்குமேல் போனால் ஆங்கிலம் காலை வாரிவிடும், பிசகினால் பிசகட்டும், கூட்டத்தை நடத்துகிற பிர்கிட்கூட டென்மார்க்காரிதானே, அவளும் சில இடங்களில் சொல்லைத் தேடிக்கொண்டு நிற்கிறாள், ஒருவரும் சிரிக்கவில்லை, பிறகு இவளுக்கு மட்டும் எதற்கு இந்த நடுக்கம். தர்சினி மடிக்கணினிக்கு முன்னால் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களில் முகங்கள், ஒருவனுக்குப் பின்னால் யன்னலில் பனி கொட்டுகிறது, குறிப்பெழுதுகிற பெண்ணின் மடியில் பூனை, தனக்குப் பின்னால் என்ன தெரிகிறதோ என்று திரும்பிப் பார்த்தாள், கோயில் கலண்டரும் மூலையில் சாய்த்து வைத்த மண்வெட்டியும், சரி, இருக்கட்டும், தோட்டக்காரர் வீட்டில் மண்வெட்டி இல்லாமல் வேறென்ன இருக்கும்... இணையப் பக்கங்களில் எழுத்துகள் எப்படித் தோன்ற வேண்டும், எங்கே முறியலாம், எங்கே முறியக் கூடாது என்று விதி எழுதுகிற கூட்டம் இது, உலகத்தில் இருக்கிற பிரவுசர்களெல்லாம் கடைசியில் இந்த விதியைப் பார்த்துத்தான் நடக்கின்றன, யாரும் வந்து கருத்துச் சொல்லலாம் என்று அவர்களுடைய தளத்திலேயே போட்டிருந்தது, யாரும் என்றால் யாழ்ப்பாணத்துச் சண்டிலிப்பாயிலிருந்து மரண அறிவித்தல் பக்கம் செய்கிறவளும்தானா, அதைப் பலநாள் யோசித்துவிட்டுத்தான் பெயரைக் கொடுத்தாள். இப்போது இரண்டாவது விஷயம் போய்க்கொண்டிருந்தது, யப்பானிய எழுத்தை மேலிருந்து கீழே எழுதுவதில் ஏதோ சிக்கல். அடுத்தது இவளுடையது.

ஒரு எழுத்து, ஒரேயொரு எழுத்து, அதற்காக இரண்டு வருடம். பத்மாசினி அக்கா அன்றைக்கு ரொறன்ரோவிலிருந்து போன் எடுத்திருக்காவிட்டால் இதெல்லாம் இல்லை. அவவின் அப்பா ஸ்ரீஸ்கந்தராசா மாஸ்டர் காலமாகி முப்பத்தொன்றாம் நாள் நினைவுப் பக்கம் கேட்டிருந்தா, பெயரின் முதலெழுத்தைப் பெரிதாக, மரூன் நிறத்தில், பழைய கலியாண அழைப்பிதழ்களில் வருகிற மாதிரி. தர்சினியும் அப்படியே செய்து அனுப்பிவிட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். தன் கணினியில் அவள் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லையா, பார்த்தாள், பார்த்ததில் படம் நேராக இருக்கிறதா, திகதி சரியா என்றுதான் பார்த்தாள்... எழுத்து எழுத்தாகத்தானே இருக்கும் என்று நம்பிக்கை. போனில் அக்கா அழவில்லை, கோபிக்கவும் இல்லை, களைத்துப்போன குரலில், "தங்கச்சி, அப்பாடை பேரை உடைச்செல்லே போட்டிருக்கிறியள், ஒட்டித்தர ஏலாதோ?" என்றுதான் கேட்டா. திறந்து பார்த்தால் மரூன் நிறத்தில் வீட்டுக் கதவளவு ஒரு ஸ், அதற்குப் பக்கத்தில் கறுப்பில் குறுணியாக ரீஸ்கந்தராசா. ரீஸ்கந்தராசா! அப்படி ஒரு மனிதர் இந்த யாழ்ப்பாணத்தில் எங்கே இருந்தார், முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த மனிதரை, ஊரில் பாதிப்பேரின் காதைத் திருகிய மனிதரை, செத்த பிறகு தலையைத் தனியாக வெட்டி வைத்த மாதிரி... அவள் உடம்பெல்லாம் கூசிப் போனது. அன்றைக்கு அந்த எழுத்தைப் படமாக வரைந்து ஒட்டிச் சமாளித்தாள், அக்காவும் நன்றி சொன்னா, ஆனால் அது ஒட்டுப்போட்ட வேலை, பெயரைப் போட்டுத் தேடினால் பக்கம் அகப்படாது, படத்துக்குள் இருப்பது எழுத்து என்று எந்த மெசினுக்குத் தெரியும். அப்போதே விட்டிருக்கலாம். ஏன் விடவில்லை?

விடமுடியாமல் போனதற்குக் காரணம் கோபம் என்று முதலில் நினைத்தாள், பிறகுதான் தெரிந்தது அது கோபம் மட்டுமில்லை, ஆச்சரியமும்தான். அந்தப் பக்கம் சண்டிலிப்பாயிலிருந்து ரொறன்ரோவுக்கு எப்படிப் போனது என்று தேடித்தேடி வாசித்தபோது வாயைப் பிளந்துகொண்டிருந்தாள்... மாஸ்டருடைய படம், பெயர், பிறந்த ஊர், எல்லாவற்றையும் கடுகு கடுகாக உடைத்து, ஒவ்வொரு துண்டுக்கும் இலக்கம் போட்டு, போகவேண்டிய விலாசம் எழுதி, சந்தியிலுள்ள போன் கோபுரத்துக்கும் அங்கிருந்து கொழும்புக்கும் கொழும்பிலிருந்து கடலுக்கடியில் கிடக்கிற கம்பிக்கும் கொடுத்துவிட, ஒரு துண்டு இந்த வழியால் போகிறது, இன்னொன்று வேறு வழியால் போகிறது, நடுவில் ஒன்று தொலைந்தால் அந்தப் பக்கத்திலிருந்து ஆளனுப்பிக் கேட்கிற மாதிரிக் கேட்டு மறுபடி வாங்குகிறார்கள், கடைசியில் அக்காவுடைய போனில் எல்லாம் இலக்கப்படி அடுக்கி மாஸ்டர் முழுதாக வந்து நிற்கிறார். ஒருவரையொருவர் கண்டிராத மெசின்கள், வேறு வேறு நாட்டில், வேறு வேறு கொம்பனி செய்தவை, ஒரே பேச்சைப் பேசுகின்றன, ஏனென்றால் யாரோ சிலர் ஒரு காலத்தில் கூடியிருந்து, இப்படித்தான் அனுப்புவது, இப்படித்தான் வாங்குவது என்று எழுதி, எடுங்கோ என்று எல்லோருக்கும் பொதுவில் வைத்துவிட்டார்கள். உடைத்ததைச் சேர்ப்பதுதான் இந்த இணையம் முழுக்கவும். இவ்வளவு தூரம் சேர்த்துக் கொண்டுவந்துவிட்டு, கரையில் வந்து, ஒரு பெயரின் முதலெழுத்தில் கைவிடுவதா? கணினிக்கு ஸ்ரீ என்பது ஒரு எழுத்தில்லை, நாலு குறி, ஸ, மேலே ஒரு புள்ளி, ர, பிறகு ஈகாரத்தின் சுழி, புள்ளியைக் கண்டதும் எழுத்து முடிந்தது என்று நினைத்து அங்கே வெட்டிவிடுகிறது. அதன் பிழை இல்லை, அதற்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் என்பதற்குள் எத்தனை இரவல் அகராதி, எத்தனை பதில் வராத கேள்வி, பதில் வந்த அன்றைக்கு எத்தனை தடவை வாசித்தாள்... உங்கள் முறைப்பாடு சரியானது, பரிசோதனைப் பக்கங்கள் எழுதித் தர முடியுமா என்று ஒருவரி.

பிர்கிட் அவளுடைய பெயரைச் சொல்கிறாள், தார்ஷீனி என்று, பரவாயில்லை, கிட்டத்தட்ட அதுதான். மைக்கைத் திறக்கக் கைவைத்த அந்தக் கணம் பார்த்து யன்னலுக்கு வெளியே தண்ணீர் மோட்டர் தடதடவென்று தொடங்கியது. ஐயோ, அப்பா. பகல் முழுக்கக் கரண்ட் இல்லாமல் பீற்றூட் பாத்தி காய்ந்து கிடந்தது அவளுக்கும் தெரியும், ஆனால் இப்போதா, இந்த நிமிசத்திலா... யன்னலைத் திறந்து கையைக் காட்டினாள். இராசநாயகம் எண்பது வயதிலும் சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு வாய்க்காலில் நின்றார், என்ன என்று புருவத்தை உயர்த்தினார். "அப்பா, கொஞ்சம் நிப்பாட்டுங்கோ, நான் கதைக்கவேணும்." அவர் மோட்டரைப் பார்த்தார், பாத்தியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஆரோடை?" என்று கேட்டார். ஆரோடை என்று சொல்வது, ஒரு வசனத்தில், மோட்டர்ச் சத்தத்துக்கு மேலால்... "உலகத்தோடை" என்று சொல்லிவிட்டாள், சொன்ன பிறகு வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் அப்பா சிரிக்கவில்லை, அது நியாயமான காரணந்தான் என்பதுபோலக் குனிந்து மோட்டரின் ஆளியைத் தட்டி நிறுத்தினார். தோட்டம் அடங்கியது. எங்கோ ஒரு செண்பகப் பறவை கத்தியது.

வணக்கம், என்றாள், சொறி சொல்லவில்லை. திரையில் தன் பக்கத்தைக் காட்டினாள், இடது பக்கம் உடைந்த ஸ்ரீ, வலது பக்கம் உடையாத ஸ்ரீ, இதைவிடப் பெரிய பேச்சு எதற்கு, கண்ணால் பார்த்தவர்களுக்கு விளங்கும், தமிழ் தெரியாவிட்டாலும் ஒன்று காலொடிந்து கிடப்பதும் மற்றது எழும்பி நிற்பதும் விளங்கும். விதியில் ஒரு வசனத்தைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டாள், இரண்டு எழுத்தைச் சேர்த்து ஒரே வடிவமாக எழுதுகிற வழக்கம் எங்கே இருக்கிறதோ அங்கே அதன் நடுவில் வெட்டாதே, இவ்வளவுதான். மூன்று பிரவுசர்களில் இரண்டு அதை ஏற்றுக்கொண்டு பரிசோதித்துவிட்டன, மூன்றாவதுக்காரன் மார்க்கோ, இத்தாலிக்காரன், எதிலும் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிற கண், போன கூட்டத்தில் இவனுடைய கேள்விக்குத்தான் வாயடைத்து உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் அதையே கேட்டான், ஒரு மொழிக்கு ஒரு எழுத்து என்று இன்று திறந்துவிட்டால் நாளைக்கு ஒவ்வொரு மொழியும் வந்து நிற்கும், பட்டியல் எங்கே போய் முடியும்? கேள்வி நியாயம். அவனை மனதுக்குள் எத்தனை நாள் திட்டியிருக்கிறாள், ஆனால் கேள்வி நியாயமானதுதான், அதனால்தானே இவ்வளவு நாளும் இருந்து அதற்குப் பதில் தேடினாள்... தமிழில் இப்படி இரண்டே இரண்டுதான், ஸ்ரீ ஒன்று, க்ஷ ஒன்று, அதோடு பட்டியல் மூடிவிட்டது, இரண்டையும் எத்தனை விதமாகத் தட்டலாமோ அத்தனைக்கும் பரிசோதனை எழுதியிருக்கிறேன், மற்ற மொழிகளுக்கு நீங்களும் நானும் இங்கேயிருந்து பட்டியல் போட வேண்டாம், ஒவ்வொரு எழுத்தையும் எழுதுகிற ஆட்கள் வந்து தரட்டும், வருகிறவர்களுக்கு வாசல் திறந்திருக்க வேண்டும், நான் வந்த மாதிரி. கடைசி வசனம் எழுதி வைத்ததில் இல்லை. எப்படி வந்தது? இலக்கணம் சரியா பிழையா என்றுகூட யோசிக்கவில்லையே... மார்க்கோ கடித்துக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்தான், பட்டியல் மூடியதென்றால் எனக்குப் பிரச்சினை இல்லை, எங்கள் ஆட்களும் உங்கள் பரிசோதனைகளை ஓட்டிப் பார்த்தார்கள், எல்லாம் பாஸ் என்றான்.

எல்லாம் பாஸ்! ஆனால் அப்போதுதான் சிங்கப்பூர்க் கட்டத்தில் ஒரு கை உயர்ந்தது, முத்துக்குமாரு ஐயா, உடுப்பிட்டிக்காரர், இளைப்பாறிய பொறியியலாளர், தமிழுக்காக இந்தக் கூட்டங்களில் வருடக்கணக்காகத் தனியாளாக நின்றவர், அவர் எழுதிய குறிப்புகளை வாசித்துத்தான் தர்சினி பாதி படித்தாள், அவர் வேண்டாமென்றால் தமிழருக்கே ஒத்துவராததை நாங்கள் ஏன் தொடவேண்டுமென்று மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்கள். அவர் ஆங்கிலத்தில் தொடங்கி, பாதியில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தமிழில் கேட்டார், "தங்கச்சி, உது வடமொழி எழுத்து. எங்கடை ஊரிலை சிறீ எண்டுதானே எழுதிறம். உதுக்கேன் இவ்வளவு மினக்கெடுறியள்?" உலகக் கூட்டத்துக்கு நடுவே வடமராட்சித் தமிழ், பூனைக்காரி எழுதுவதை நிறுத்திவிட்டு முழிக்கிறாள்... இவருக்கு என்ன சொல்வது, இவர் சொல்வதில் பிழை என்ன, பள்ளிக்கூடத்தில் அவளும் சிறீ என்றுதான் எழுதினாள், கூடப் படித்த சிறீதரனும் அப்படித்தான் எழுதினான், ஆனால் மாஸ்டர்? மாஸ்டருடைய கையெழுத்தை அக்கா அனுப்பியிருந்தா, நினைவுப் பக்கத்தின் அடியில் போடச் சொல்லி, சுழித்துச் சுழித்து ஒரே இழுப்பில் எழுதிய ஸ்ரீ, பேனாவை நடுவில் எடுக்கவேயில்லை. "ஓம் ஐயா, நானும் சிறீ எண்டுதான் எழுதுவன்," என்றாள், குரல் நடுங்கவில்லை என்பதைத் தானே கேட்டுக்கொண்டு, "ஆனா இது என்ரை பேரில்லை. அவர் தன்ரை பேரைத் தான் எழுதின மாதிரி விட்டிட்டுப் போட்டார். அதைத் திருத்த எங்களுக்கு உரிமை இருக்கோ? ஒரு பிரவுசருக்கு இருக்கோ?"

முத்துக்குமாரு ஐயா கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டேயிருந்தார். அவமதித்துவிட்டேனா என்று தர்சினி யோசித்தாள், இந்த மனிதரை, இத்தனை பேருக்கு முன்னால்... "அது சரி," என்றார் கடைசியில், "அவரின்ரை பேர், அவரின்ரை எழுத்து." பிறகு ஆங்கிலத்துக்குத் திரும்பி, எனக்கு ஆட்சேபணை இல்லை, இந்த எழுத்தைப் பாவிக்கும்படி ஊக்குவிப்பதற்காக இது செய்யப்படவில்லை என்று ஒரு குறிப்பு மட்டும் சேர்க்கவேண்டும் என்று கேட்டார், சேர்க்கலாம் ஐயா, தாராளமாகச் சேர்க்கலாம், ஒரு குறிப்பென்ன, பத்துக் குறிப்பு... தமிழில் கதைத்தார்கள், உடன்பட்டார்கள் என்று பூனைக்காரி எழுதியதைத் திரையில் கண்டதும் தர்சினிக்குச் சிரிப்பு வந்தது. பிர்கிட் யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று கேட்டாள். எழுத்துப்பெட்டியில் கூட்டல் ஒன்று என்று வந்தது, அது சம்மதம் என்பதற்கு இவர்களுடைய வழக்கம், பிறகு இன்னொன்று, பிறகு மளமளவென்று, பனிக்காரன் ஒன்று, பூனைக்காரி ஒன்று, மார்க்கோ ஒன்று, சிங்கப்பூரிலிருந்து ஒன்று, கடைசியில் பிர்கிட், தீர்மானம் நிறைவேறியது, என்றாள்.

நிறைவேறியது. அவ்வளவுதானா, இப்படித்தானா நடப்பது, மேளம் இல்லை, மாலை இல்லை, பூனை கொட்டாவி விடுகிறது... ஆனால் நடந்துவிட்டது. தர்சினி மைக்கை அடைத்துவிட்டு இரண்டு கையாலும் மேசையில் ஒரு அடி அடித்தாள், பேனாக் குவளை விழுந்து உருண்டது, உருளட்டும். இனி அடுத்த பதிப்பு வரும், போன்கள் தாமாகவே புதுப்பித்துக்கொள்ளும், மட்டக்களப்பில் ஒரு கலியாண அழைப்பு, மலேசியாவில் ஒரு கோயில் பக்கம், லண்டனில் ஒரு பிறந்தநாள் வாழ்த்து, எங்கெல்லாம் யாரெல்லாம் அந்த எழுத்தைப் பெரிதாகப் போடுகிறார்களோ அங்கெல்லாம் அது முழுதாக நிற்கும், நிற்பது ஏனென்று ஒருவருக்கும் தெரியாது, உடையாத ஒன்றை யார் கவனிப்பார்கள், அவளே கவனிக்கவில்லையே அன்றைக்கு... அதுதான் வெற்றி, கவனிக்கத் தேவையில்லாமல் போவதுதான். இந்தக் கையால் எழுதிய ஒரு வசனத்துக்கு இனி அந்த மெசின்களெல்லாம் கட்டுப்பட்டு நடக்கும். இந்தக் கையால்! வெங்காயம் நட்ட கை, புகையிலையில் பக்கக் குருத்தை, கெட்டை, முறித்த கை. பத்மாசினி அக்காவுக்குச் செய்தி தட்டினாள், அக்கா, அப்பாவின் எழுத்தை ஒட்டியாச்சு, இனி எங்கையும் உடையாது. ரொறன்ரோவில் விடிகிற நேரம், அக்கா கண்விழித்ததும் முதலில் இதைத்தான் காணுவா.

பிர்கிட் மறுபடி பெயரைச் சொன்னதை முதலில் அவள் கவனிக்கவில்லை. ஒவ்வொரு எழுத்தையும் எழுதுகிற ஆட்கள் வந்து தரட்டும் என்று நீ சொன்னது நல்ல வழி, என்றாள் பிர்கிட், உங்கள் நாட்டின் மற்ற மொழியிலும் இதே எழுத்து இப்படியே உடைகிறது என்று ஒருவர் எப்போதோ எழுதியிருக்கிறார், ஆனால் சிங்களத்துக்குப் பரிசோதனை எழுத இதுவரை ஒருவரும் வரவில்லை, எங்களில் நீதான் அவர்களுக்கு ஆகக் கிட்ட இருக்கிறாய், ஆட்களைக் கண்டுபிடித்துத் தொடக்கிவைக்க முடியுமா? டென்மார்க்காரிக்கு என்ன தெரியும், சாதாரணமாகத்தான் கேட்டாள், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு சொல் சொல்லிவிட முடியுமா என்பதுபோல. சிங்கள ஸ்ரீ... அப்பாவுக்கு அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது, வாகனங்களின் இலக்கத் தகட்டில் அந்த எழுத்துத்தான் இருக்கவேண்டுமென்று சட்டம் வந்த காலம், பெரியப்பா தார் வாளியும் தூரிகையுமாக றோட்டில் இறங்க, அப்பா மதகடியில் நின்று பொலிஸ் வருகிறதா என்று பார்த்தாராம், வந்து நின்ற பஸ்ஸில் ஒரே இழுப்பு, எழுத்துக் காணாமல் போனது, அந்த இடத்தில் தமிழ் ஸ்ரீயை எழுதினார்களாம், அதைச் சொல்லும்போது இப்போதும் அப்பாவின் கை காற்றில் ஒரு இழுப்பு இழுக்கும். பிறகு கொழும்பில் கலவரத்தில் அடிபட்டுக் கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கிய சொந்தக்காரர்கள், பிறகு நடந்தது, அதற்குப் பிறகு நடந்தது... அந்த எழுத்தையா. அவளா. முடியாது என்று சொல்லலாம், சிங்களம் வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் யாரும் குறை சொல்லமாட்டார்கள், உண்மையும் அதுதான், ஆனால் கை அதற்குள் ஒரு அரசாங்கப் பக்கத்தைத் திறந்து, சிங்களத்தில் ஸ்ரீயில் தொடங்குகிற நாட்டின் பெயரை அப்படியே பிரதி எடுத்துத் தன் பரிசோதனைப் பக்கத்தில் ஒட்டிவிட்டது, முதலெழுத்து பெரிதாக, மரூன் நிறத்தில்.

உடைந்துதான் வந்தது. அதே இடத்தில், அதே மாதிரி, தலை ஒரு பக்கம் உடல் ஒரு பக்கம். வாசிக்கத் தெரியாத எழுத்து, ஆனால் பணநோட்டிலும் பொலிஸ் நிலையப் பலகையிலும் கண்டுகண்டு முகம் தெரிந்த எழுத்து, அது இப்படிக் கிடப்பதைக் கண்டதும் அவள் எதிர்பார்த்தது ஒன்று, வந்தது வேறொன்று, அன்றைக்கு மாஸ்டரின் பெயரைக் கண்டு உடம்பு கூசியதே, கிட்டத்தட்ட அதே கூச்சம்... இதற்கும் ஏன் கூச வேண்டும்? யாருடைய உடம்பு இது? பிர்கிட் காத்திருந்தாள். பார்க்கிறேன், என்றாள் தர்சினி, யோசித்துச் சொல்லவில்லை, சொல்லிவிட்டாள், பிர்கிட் நன்றி சொல்லி அடுத்ததுக்குப் போய்விட்டாள். அறைவாசலில் ஈரக்காலோடு அப்பா வந்து நின்றார், மேசை அடிபட்ட சத்தம் தோட்டத்துக்குக் கேட்டிருக்கிறது. என்ன நடந்தது என்று கேட்டார். அவள் திரும்பினாள், முகம் முழுக்கச் சிரிப்பு, அதை அடக்க முடியவில்லை, அடக்கவும் வேண்டாம், இது அவளுடைய நாள். "ஒரு எழுத்தை இனி ஒருத்தரும் உடைக்கேலாது, அப்பா. உலகத்திலை எங்கையும். என்ரை சொல்லுத்தான் சட்டம்." அப்பாவுக்கு எவ்வளவு விளங்கியதோ, ஆனால் மகளின் சிரிப்பு விளங்கியது, அவருடைய முகமும் மலர்ந்தது, சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு திரைக்குக் கிட்ட வந்தார், குனிந்தார், கண்ணைச் சுருக்கினார். மேலே தமிழ் ஸ்ரீயும் கீழே உடைந்த சிங்கள ஸ்ரீயுமாக இரண்டும் அங்கே இருந்தன, மூடிவிட நேரம் இருந்தது, அவள் மூடவில்லை.

"எந்த எழுத்து?" என்று கேட்டார் அப்பா.